ஜே-1 போட்டால் மாட்டிக்கொள்வேனா?

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு இளம் டாக்டர் எழுதிய நீண்ட கடிதம். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 28. அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தவர். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யூ.எஸ்.எம்.எல்.இ.யில் ஸ்டெப் 1, ஸ்டெப் 2 சி.கே. இரண்டும் தேறி, ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வும் எழுதி, வெளிநாட்டு டாக்டர்களின் தகுதியைச் சரிபார்க்கும் ஈ.சி.எஃப்.எம்.ஜி. என்ற அமெரிக்க அமைப்பின் சான்றிதழைக் கையில் வைத்திருக்கிறார். இன்டர்னல் மெடிசின் (பொதுமருத்துவம்) ரெசிடென்சிக்கு, அதாவது மருத்துவமனையில் வேலை பார்த்தபடியே பெறும் முதுநிலைப் பயிற்சிக்கு, மூன்று அமெரிக்க மருத்துவமனைகள் அவரை நேர்காணல் செய்திருக்கின்றன. அவருக்குப் பிடித்த இரண்டு இடங்களும், பயிற்சிக்கு வருகிறவர்களுக்கான ‘ஜே-1 விசா மட்டும்’ என்கின்றன. மூன்றாவது இடம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஆனால் அங்கே வேலை விசாவான ‘ஹெச்-1பி பரிசீலிப்போம்’ என்றார்களாம். டாக்டர்களும் மருத்துவமனைகளும் தங்கள் விருப்ப வரிசையைக் கொடுக்க, ‘மேட்ச்’ என்ற முறை இரு தரப்பையும் பொருத்தும். அந்த வரிசையை, அதாவது ராங்க் லிஸ்டை, போட இன்னும் நான்கு வாரம்தான் இருக்கிறது. பின்னால் கார்டியாலஜி படிக்க ஆசை.

கணவர் சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கிறார். அவருடைய கம்பெனி, ஊழியரை அங்குள்ள கிளைக்கு மாற்றுவதற்கான எல்-1 விசாவில் அமெரிக்கா அனுப்பலாம் என்ற பேச்சும் உண்டு. நியூஜெர்சியில் இருக்கும் கணவரின் அண்ணன், “ஜே-1 போட்டா மாட்டிக்குவம்மா, முடிச்சதும் ரெண்டு வருஷம் ஊருக்குத் திரும்பியே ஆகணும்” என்று பயமுறுத்தியிருக்கிறார். ஒரு கன்சல்டன்ட், “அதெல்லாம் டெல்லியில் நோரி சர்டிஃபிகேட் வாங்கி உடைச்சிடலாம், நாலு லட்சம் ஆகும்” என்று சொல்லி 50,000 ரூபாய் முன்பணமும் வாங்கிவிட்டார். மூன்றாவது இடத்தை முதலில் போடலாமா, இல்லை ஜே-1 எடுத்து நோரி வாங்கலாமா, அதுவும் முடியாவிட்டால் கனடாவில் இரண்டு வருடம் இருந்துவிட்டு அமெரிக்கா திரும்பலாமா என்பது அவர் கேள்வி. கடிதத்தின் கடைசி வரி இது: “அப்பாவுக்குப் போன வருஷம் பைபாஸ் ஆச்சு, நான் ஒரே பொண்ணு. இதுக்கும் விசாவுக்கும் சம்பந்தமில்ல, சும்மா எழுதினேன்.”

அன்புள்ள டாக்டர்,

சம்பந்தம் இருக்கிறது. உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அண்ணன் சொன்ன ‘மாட்டிக்கொள்ளும்’ விஷயத்தைப் பார்ப்போம்.

அவர் சொன்னது பொய்யல்ல, பாதி உண்மை. அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 212(இ) பிரிவின்படி, மருத்துவப் பயிற்சிக்காக ஜே-1 விசாவில் போகிற ஒவ்வொரு வெளிநாட்டு டாக்டருக்கும் இரண்டு வருட நிபந்தனை உண்டு. பயிற்சி முடிந்ததும் சொந்த நாட்டில் மொத்தமாக இரண்டு வருடம் இருக்க வேண்டும். அதை முடிக்கும்வரை ஹெச், எல் விசாக்களும் கிரீன் கார்டும் கிடைக்காது. அமெரிக்காவுக்குள் இருந்தபடியே வேறு விசா நிலைக்கு மாறுவதும், ஓரிரு அபூர்வமான வகைகளைத் தவிர, முடியாது. கவனியுங்கள், அமெரிக்காவில் காலே வைக்கக்கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. டூரிஸ்ட் விசாவில் போய் வரலாம். அடைபடுவது, அங்கே தங்கி வேலை பார்ப்பதற்கான முக்கியமான கதவுகள்தான்.

இது யாரும் ஒளித்து வைக்கிற விஷயமும் அல்ல. ஜே-1க்கு உங்கள் ஸ்பான்சர் மருத்துவமனை அல்ல, ஈ.சி.எஃப்.எம்.ஜி. ஜே-1 விசாவுக்குத் தேவையான டி.எஸ்.-2019 படிவத்தை அவர்கள் தர, இந்திய அரசிடமிருந்து ‘ஸ்டேட்மென்ட் ஆஃப் நீட்’ என்ற கடிதம் வேண்டும். உங்கள் கடிதத்தில் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் வாங்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே கிடைக்காது. டெல்லியில் இருக்கும் மத்திய சுகாதார அமைச்சகம்தான் கொடுக்கும். அந்தக் கடிதத்தின் வாசகத்தை அமெரிக்க விதியே வரையறுத்திருக்கிறது. இந்தத் துறையில் பயிற்சி பெற்றவர்கள் எங்கள் நாட்டுக்குத் தேவை. பயிற்சி முடிந்ததும் திரும்பி வருவதாக இந்த டாக்டர் எங்களிடம் எழுத்துமூலம் உறுதி தந்திருக்கிறார் என்பது அதன் சாரம். ஆக, நீங்களே கையெழுத்துப் போட்டு, ‘வருகிறேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறுகிறீர்கள். பின்னால் கார்டியாலஜிக்குப் போகும்போது அந்தத் துறைக்குத் தனியாக இன்னொரு கடிதம் வாங்க வேண்டும்.

நோரி என்கிற நாலு லட்சம்

நோரி என்பது ‘இவர் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டிய கட்டாயம் இல்லை’ என்று இந்திய அரசு தரும் சான்று. ஜே-1ல் போன ஆராய்ச்சியாளர்கள், பேராசிரியர்கள் பலர் இதை வைத்து விலக்கு வாங்குகிறார்கள். உங்கள் கன்சல்டன்ட் அதைக் கேள்விப்பட்டிருப்பார். டாக்டர்களுக்கு இந்தக் கதவில் இரண்டு பூட்டு. 2011லிருந்து, 65 வயதைத் தாண்டியவர்களைத் தவிர வேறு டாக்டர்களுக்கு நோரி தருவதில்லை என்பது இந்திய அரசின் முடிவு. சரி, டெல்லியில் யாரையோ பிடித்து வாங்கிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பயன் இல்லை. மருத்துவப் பயிற்சிக்கு ஜே-1ல் வந்தவர்கள் சொந்த நாட்டின் ‘ஆட்சேபனை இல்லை’ கடிதத்தை வைத்து விலக்கு கேட்க முடியாது என்று அமெரிக்கச் சட்டமே சொல்கிறது. அவர் உங்களுக்கு விற்கிற சாவிக்குப் பூட்டே கிடையாது. மீதி மூன்றரை லட்சத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

கனடா யோசனையும் அப்படித்தான். இரண்டு வருடம் என்பது ‘அமெரிக்காவுக்கு வெளியே எங்காவது’ அல்ல. நீங்கள் இந்தியக் குடிமகள், இந்தியாவில் குடியிருந்து போகிறவர். கணக்கு இந்தியாவில்தான் ஓடும். டொரண்டோவில் பத்து வருடம் இருந்தாலும் ஒரு நாள்கூடச் சேராது. இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள்: அமெரிக்காவில் குழந்தை பிறந்தால் சரியாகிவிடுமா என்று. தானாகச் சரியாகாது. அமெரிக்கக் குடியுரிமை உள்ள கணவருக்கோ குழந்தைக்கோ அசாதாரணமான கஷ்டம் நேரும் என்று நிரூபித்தால் விலக்கு கேட்கலாம். பிரிவின் வருத்தம், பள்ளி மாறுவது, வருமானம் குறைவது, இதெல்லாம் எல்லாக் குடும்பத்துக்கும் வருவதுதானே என்று அதிகாரி ஒதுக்கிவிடுவார். கடுமையான நோய் போன்ற ஏதாவது இருந்தால்தான் அந்த மனு நிற்கும். அதை நம்பி ஒரு வாழ்க்கைத் திட்டம் போட முடியாது.

உண்மையில் பெரும்பாலோர் என்ன செய்கிறார்கள்?

அண்ணன் சொல்லாமல் விட்ட மறுபாதி இது. ஜே-1ல் போன இந்திய டாக்டர்கள் பலர் திரும்பாமலே அங்கே வேலை பார்ப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அவர்கள் யாரும் நிபந்தனையை ஏமாற்றவில்லை. இரண்டு வருடத்துக்குப் பதிலாக வேறொரு விலை கொடுத்தார்கள்.

அதற்குப் பெயர் ‘கான்ராட் 30’. நார்த் டகோட்டாவின் செனட்டராக இருந்த கென்ட் கான்ராட் 1994ல் கொண்டுவந்த திட்டம். டாக்டர் கிடைக்காத அமெரிக்கக் கிராமங்களிலும் ஏழைப் பகுதிகளிலும் மூன்று வருடம் முழுநேரமாக வேலை பார்க்க ஒப்பந்தம் போட்டால், இரண்டு வருட நிபந்தனையிலிருந்து விலக்கு. ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுக்கு 30 பேருக்குப் பரிந்துரை தரலாம். ஆரம்பத்தில் 20 ஆக இருந்ததை 2002ல் 30 ஆக்கினார்கள். மாநிலச் சுகாதாரத் துறை பரிந்துரைக்கும், பிறகு வெளியுறவுத் துறை, கடைசியில் குடியேற்றத் துறை. விலக்கு கிடைத்த 90 நாளுக்குள் வேலையில் சேர வேண்டும், அந்த மூன்று வருடமும் ஹெச்-1பி நிலையில் இருக்க வேண்டும். வழக்கமாக ஹெச்-1பி ஒதுக்குகிற குலுக்கலில் இவர்கள் நிற்க வேண்டியதில்லை. டாக்டர்கள் இதைச் சுருக்கமாக ‘வேவர் ஜாப்’ என்பார்கள்.

கேட்க இனிப்பாக இருக்கும். கசப்பையும் சொல்கிறேன். 30 என்றால் 30தான். டாக்டர்கள் விரும்பிப் போகிற மாநிலங்களில், அக்டோபரில் புது நிதியாண்டு தொடங்கியதும் இடங்கள் வேகமாகத் தீரும். சில மாநிலங்கள் பொதுமருத்துவர்களுக்கு முன்னுரிமை தரும், இதய நிபுணர் பின்வரிசையில் நிற்க வேண்டும். மூன்று வருடத்துக்குள் அந்த முதலாளி பிடிக்கவில்லை என்றால் சட்டென்று மாறவும் முடியாது. என்னிடம் வந்த ஒரு டாக்டர் தம்பதி, இருவருமே ஜே-1. இருவருக்கும் ஒரே மாநிலத்தில் வேவர் ஜாப் அமையவில்லை. கணவர் ஒரு மாநிலம், மனைவி வேறொரு மாநிலம், நடுவே ஏழு மணி நேரக் கார்ப் பயணம். குழந்தை ஈரோட்டில் பாட்டியிடம் வளர்ந்தது. மூன்று வருடமும் வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் மாறி மாறி வண்டி ஓட்டினார்கள். சட்டப்படி அவர்கள் கோப்பில் ஒரு குறையும் கிடையாது.

அப்படியானால் ஹெச்-1பி?

சில வருடம் முன்பு கேட்டிருந்தால், கிடைத்தால் யோசியுங்கள் என்றிருப்பேன். இரண்டு வருட நிபந்தனை அதில் இல்லை. ‘திரும்பி வருவேன்’ என்று தூதரகத்தில் நிரூபிக்கவும் தேவையில்லை. ஆனால் உங்கள் நிலையில் மூன்று தடை இருக்கிறது.

முதலாவது, யூ.எஸ்.எம்.எல்.இ.யின் ஸ்டெப் 3. ரெசிடென்சிக்கு ஹெச்-1பி மனு போட அது தேறியிருக்க வேண்டும். நீங்கள் எழுதவில்லை. அந்தத் தேர்வை அமெரிக்க மண்ணில் மட்டும்தான் எழுத முடியும், இரண்டு நாள், முதல் நாள் 7 மணி நேரம், மறுநாள் 9 மணி நேரம். விசிட்டர் விசா எடுத்து, தேதி பிடித்து, போய் எழுதி, முடிவு வரக் காத்திருந்து... நான்கு வாரத்தில் நடக்கிற காரியமா? ராங்க் லிஸ்டுக்கு முன்பே ஸ்டெப் 3 முடிவைக் கேட்கிற மருத்துவமனைகள்தான் அதிகம்.

இரண்டாவது பணம். 2025 செப்டம்பர் 21 முதல், வெளிநாட்டில் இருப்பவருக்குப் போடும் புதிய ஹெச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்க அதிபர் அறிவித்தார். நம் கணக்கில் ஏறக்குறைய தொண்ணூறு லட்சம் ரூபாய். முதலில் 12 மாதத்துக்கு என்று வந்த அறிவிப்பு, நீட்டிக்கவும் இடம் வைத்திருக்கிறார்கள். முதலாண்டு ரெசிடென்ட் ஒருவருக்காக எந்த மருத்துவமனை அந்தத் தொகையைக் கட்டும்? அமெரிக்காவுக்குள் இருந்தபடியே விசா நிலை மாறுகிறவர்களுக்கு இது பொருந்தாது என்று அடுத்த மாதமே குடியேற்றத் துறை விளக்கியது. அதாவது சென்னையிலிருந்து ஹெச்-1பியில் கிளம்புகிற உங்கள் தலையில் இந்தக் கட்டணம் விழும். ஜே-1ல் படித்து, விலக்கு வாங்கி, அங்கிருந்தபடியே ஹெச்-1பிக்கு மாறுகிறவர் தலையில் விழாது. அண்ணன் அமெரிக்கா போன காலத்தின் கணக்கு இப்போது தலைகீழாகியிருக்கிறது. அவர்மேல் தப்பில்லை.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. ஹெச்-1பிக்கு ஆறு வருட வரம்பு. இன்டர்னல் மெடிசின் மூன்று, கார்டியாலஜி மூன்று, ஆறும் படிப்பிலேயே கரைந்துவிடும். வேலைக்குச் சேரும்போது கையில் ஒரு நாள்கூட மீதி இருக்காது. நீட்டிக்க வேண்டுமென்றால் அதற்குள் கிரீன் கார்டுக்கான முதல்கட்ட வேலை நடந்திருக்க வேண்டும், பயிற்சி மருத்துவமனைகள் அதைச் செய்வது அபூர்வம். ஜே-1க்கு ஏழு வருடம் வரை உண்டு. ஒன்று ஒத்துக்கொள்கிறேன்: ஜே-1 டாக்டர் பயிற்சிக்கு வெளியே ஒரு ஷிஃப்ட்கூடப் பார்க்கக் கூடாது.

அப்புறம் அந்தப் ‘பரிசீலிப்போம்’. அது ‘தருவோம்’ அல்ல. அவர்கள் அதை மின்னஞ்சலில் எழுதித் தந்தார்களா, நேர்காணலில் யாரோ வாய்வழியாகச் சொன்னார்களா? மேட்ச் முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். அங்கே மேட்ச் ஆன பிறகு ‘ஹெச்-1பி முடியாது, ஜே-1தான்’ என்றால், பிடிக்காத இடமும் போய், பயந்த விசாவும் வந்து சேரும்.

இன்னொரு தப்பெண்ணமும் உங்கள் கேள்விக்குள் இருக்கிறது. பிடித்த இடத்தை முதலில் போட்டுக் கிடைக்காமல் போனால், மூன்றாவது இடமும் கை நழுவும் என்று பயப்படுகிறீர்கள். மேட்ச் கணக்கு அப்படி ஓடுவதில்லை. முதல் இரண்டும் கிடைக்காவிட்டால், மூன்றாவது இடத்தை நீங்கள் முதலிலேயே போட்டிருந்தால் எவ்வளவு வாய்ப்போ அதே வாய்ப்புதான் அங்கே இருக்கும். அதனால் பயிற்சியை வைத்து வரிசைப்படுத்துங்கள். என் கருத்து அதுதான்.

கணவரின் விசா

இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தப்பு நடக்கக்கூடிய இடம் இது. ஜே-1ல் இருப்பவரின் கணவர் அல்லது மனைவிக்கான ஜே-2 விசாவில் உங்களுடன் வந்தால், அவர் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அட்டை வரச் சில மாதம் ஆகும், வந்தபின் வேலை பார்க்கலாம். நீங்கள் ஹெச்-1பியில் இருந்து அவர் அதற்கான துணை விசாவான ஹெச்-4ல் வந்தால், உங்களுடைய கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டும்வரை அந்த அனுமதி கிடையாது. இதுவரை ஜே-2வுக்கு நல்ல பெயர். ஆனால் உங்கள் இரண்டு வருட நிபந்தனை ஜே-2வில் வருகிறவரையும் பிடிக்கும். ஒருமுறை ஜே-2 ஆகிவிட்டால், நீங்கள் விலக்கு வாங்கும்வரை அவரும் ஹெச்-1பிக்கோ எல்-1க்கோ மாற முடியாது. எல்-1 பேச்சு நிஜமாகவே நடக்கிறதென்றால், அவர் ஜே-2வைத் தொடாமல் தனியாக எல்-1லேயே வரட்டும். உங்கள் நிபந்தனை அவரை ஒட்டாது. சில மாதம் பிரிந்திருக்க நேரலாம். அந்தக் கணக்கை நீங்கள் இரண்டு பேரும்தான் போட வேண்டும்.

ஜே-1 என்று முடிவானால்

பெயரை இன்றே பாருங்கள். கடிதத்தின் அடியில் தலைப்பெழுத்துடன் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து அப்பா பெயராக விரிந்திருக்கிறதா, சர்நேம் கட்டம் காலியா? நம் ஊர்க்காரர்கள் சிக்குவது இங்கேதான். ஒரே பெயர் இருந்தால் அதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, உங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்று அமெரிக்க விசாவில் அச்சடிப்பார்கள், ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்று அதற்கு அர்த்தம். டாக்டர் எஃப்.என்.யூ. என்று பேட்ஜ் குத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாஸ்போர்ட், ஈ.சி.எஃப்.எம்.ஜி. பதிவு, டி.எஸ்.-2019 மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டைத் திருத்துவதென்றால் மேட்சுக்கு முன்பே ஆரம்பியுங்கள்.

மேட்ச் முடிவு மார்ச் மூன்றாவது வெள்ளிக்கிழமை வரும். பயிற்சி ஜூலை 1ல் தொடங்கும், அறிமுக வகுப்புகளுக்கு ஜூனிலேயே கூப்பிடுவார்கள். நடுவில் மூன்று மாதம்தான். டெல்லிக் கடிதம், டி.எஸ்.-2019, 220 டாலர் செவிஸ் (ஜே-1 போன்ற விசாவில் வருகிறவர்களின் பதிவு) கட்டணம், ஜெமினி மேம்பாலம் பக்கத்தில் உள்ள துணைத் தூதரகத்தில் நேர்காணல், எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். 2025 மே 27 முதல் ஜூன் 18 வரை ஜே விசாவுக்குப் புதிய நேர்காணல் தேதிகள் தருவதையே நிறுத்தி வைத்தார்கள். மேட்ச் ஆன டாக்டர்கள் பலர் பெட்டி கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மறுபடி திறந்தபோது, சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் வைக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்து வந்தது. ஆகவே ஒரு நாளைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள். நேர்காணலில், படிப்பு முடிந்ததும் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். டெல்லியில் எழுதிக் கொடுத்ததற்கு மாறாக எதுவும் சொல்லாதீர்கள், கான்ராட் 30 பற்றி அங்கே பேசத் தேவையில்லை.

இப்போது அப்பா.

இரண்டு வருடம் இந்தியாவில் இருக்க வேண்டும் என்பதை ஒரு தண்டனையாகவே நீங்கள் கடிதம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள், அந்தக் கடைசி வரி தவிர. ஒரே மகள், அப்பாவுக்கு இதய நோய், படிக்க ஆசைப்படுவது கார்டியாலஜி. ஆறு வருடம் கழித்து இங்கே வந்து இரண்டு வருடம் வேலை பார்ப்பது உங்களுக்கு நஷ்டமா என்று அண்ணனோ கன்சல்டன்டோ சொல்ல முடியாது. அமெரிக்காவில் பெறும் முதுநிலைத் தகுதி இங்கே செல்லுபடியாகும். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளின் தகுதிகளை, அந்த நாட்டிலேயே நிபுணராக வேலை பார்க்க அவை ஏற்கப்பட்டிருந்தால், இந்தியாவும் ஏற்கிறது. இரண்டு வருடம் முடிந்தபின் திரும்பப் போக நினைத்தால் கான்ராட் இடத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், யாரோ சொல்கிற கிராமத்துக்கும் போக வேண்டாம். ஆனால் அப்போது இந்தியாவிலிருந்து புதிதாக ஹெச்-1பி போட வேண்டியிருக்கும், அன்றைக்கு என்ன கட்டணம் என்பதையும் பார்க்க வேண்டும். கிரீன் கார்டைப் பொறுத்தவரை, இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் பத்து வருடத்துக்கு மேல் நீளும் வரிசை, எந்த விசாவில் போனாலும் அதே வரிசைதான். ஜே-1 போட்டால் கிரீன் கார்டு போய்விடும் என்ற பயத்தில் இடத்தை மாற்றாதீர்கள்.

வேவர் ஜாப், ஊர் திரும்புவது இரண்டில் எது என்று இன்றே முடிவெடுக்க வேண்டியதில்லை. பயிற்சியின் கடைசி வருடத்துக்கு ஒரு வருடம் முன்பு யோசிக்க ஆரம்பித்தால் போதும்.

அந்த 50,000 ரூபாய். ரசீது, ஜி-பே பதிவு, ‘நோரி வாங்கித் தருகிறேன்’ என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், எதையும் அழிக்காதீர்கள். டாக்டர்களுக்கு நோரி கிடையாது என்பதைச் சொல்லி, 15 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 2019ம் ஆண்டுச் சட்டப்படி, அவர் ஆபீஸ் எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு. ஆனால் நீங்கள் ஜூனில் விமானம் ஏறிவிடுவீர்கள், அதனால் நோட்டீஸை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.